கிருஷ்ணப்பா செலவில் மொட்டை

என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்து வந்து தேர்தலில் நிற்கச் சொல்லவில்லை. நானேதான் கேட்டேன். கட்சிக் கூட்டத்தில் எழுந்து, "நம்ம தொகுதிக்கு நான் நிக்கறேன்" என்று சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர் வெற்றிலை மெல்லுவதையே நிறுத்திவிட்டார். அவர் வீட்டுச் சொத்தில் பாதியை நான் கேட்டுவிட்ட மாதிரி!

என் பெயர் தாட்சாயணி. நகரிக்குப் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஏர் பூட்டுவதிலிருந்து வெல்லத்தை மண்டிக்கு ஏற்றி அனுப்புவது வரை எல்லாம் நான்தான். கட்சிக்கொடியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஊர் ஊராக நடந்தபோது பெண்பிள்ளை என்று யாரும் என்னை ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை. தொண்டை கிழியக் கோஷம் போட நான் வேண்டும். சட்டசபை நாற்காலி என்றதும் மட்டும் நான் பொம்பளையாகிவிட்டேன்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து ஒரு வருஷம் கடந்திருந்த சமயம் அது. கர்னூலில் தலைநகரம். முதல் தேர்தல் வரப்போகிறது. எங்கள் பக்கம் முழுக்க ஒரே பேச்சு: நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் மெட்ராஸோடு போகுமா, கர்னூலோடே கிடக்குமா? வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசுகிற ஜனங்கள் நாங்கள். எங்களுக்காக எங்கெங்கோ யார் யாரோ கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்சிக்குள்ளேயே இரண்டு கோஷ்டி. மெட்ராஸ் கோஷ்டிக்கு சம்பத் தலைவர். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், மேடை ஏறினால் இறங்க மாட்டார். கர்னூல் கோஷ்டிக்கு கிருஷ்ணப்பா. திருப்பதியில் பஸ் விடுகிறவர், வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாமல் நிற்பவர். இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். எல்லைக் கலாட்டாவின்போது சம்பத்தின் ஆட்கள் கிருஷ்ணப்பாவின் பஸ் கண்ணாடியை உடைத்தார்கள். கிருஷ்ணப்பா சம்பத்தைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தார். அவ்வளவு பிரியம்.

நான் இந்த இரண்டு பேரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டேன். புத்தூர் சந்தை மைதானத்தில் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "மெட்ராஸ்ல உக்காந்துகினு இருக்கறவனும் முடிவு பண்ண வேணாம், கர்னூல்ல உக்காந்துகினு இருக்கறவனும் முடிவு பண்ண வேணாம். ஊர் ஊரா வந்து எங்களைக் கேளுங்க. நாங்க இன்னா மாடா, கயித்தை அவுத்து இந்தக் கொட்டாய்லேர்ந்து அந்தக் கொட்டாய்ல கட்டறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஜனங்கள் கை தட்டினார்கள். மேடையில் இருந்தவர்கள் தட்டவில்லை. அன்றிலிருந்து சம்பத்துக்கு நான் துரோகி, கிருஷ்ணப்பாவுக்கு நான் மெட்ராஸ் கையாள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சட்டசபைக்குப் போய் அதே கேள்வியை எழுந்து நின்று கேட்க வேண்டும். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது அதற்குத்தான்.

கிருஷ்ணப்பாவுக்கும் அதே தொகுதிமேல் கண். எங்கள் பக்கம் அவருக்கு ஒரு முழம் நிலம் கிடையாது. அவர் பஸ் அந்த வழியாகப் போகிறது, அது ஒன்றுதான் சொந்தம். கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது. அவளுக்குக் கொடுத்தால் நாங்கள் வேலை செய்ய மாட்டோம் என்று ஒரு கூட்டம். அவருக்குக் கொடுத்தால் கொடியைச் சுருட்டி வைத்துவிடுவோம் என்று ஒரு கூட்டம். ஜில்லா செயலாளர் சக்ரபாணி, திருப்பதியில் வக்கீல், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே அந்தச் சண்டையைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா இத்தனை ரகளை? தொகுதிப் பிரதிநிதிகள் இருபத்தோரு பேர் இருக்கா. சித்தூர்ல கூட்டம் போடறேன். கர்னூல்லேர்ந்து பார்வையாளர் ஒருத்தர் வருவார். ஓட்டுப் போடட்டும். யார் ஜெயிச்சாலும் மத்தவா ஒத்துழைக்கணும், என்ன சொல்றேள்?" என்றார்.

"நான் தயார்" என்றேன்.

அன்றிலிருந்து வண்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மூத்த பிரதிநிதி கருப்பன் வீட்டுக்கு எத்தனை தடவை போனேன் என்று எனக்கே தெரியாது. சம்பத்தும் ஒரு பிரதிநிதிதானே என்று அந்த மனுஷன் வாசலில்கூடப் போய் நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய்விட்டார். போகட்டும். இருபத்தோரு பேரில் பாதிக்கு மேல் எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். போதாததற்கு என் கூடப்பிறந்த அண்ணன் திருவேங்கடமும் ஒரு பிரதிநிதி. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பிரதிநிதிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒரு வீட்டில் கேட்டால், "கீழ்த் திருப்பதிக்கு சாமான் வாங்கப் போய்கீறாரு" என்றார்கள். இன்னொரு வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம். கருப்பன் வீட்டில் கதவே பூட்டிக் கிடந்தது. வழியில் பார்த்த என் அண்ணி, "உங்கண்ணன், பையனுக்குப் பொண்ணு பாக்க திருச்சானூர் போயிருக்காரு" என்றாள். நல்ல காரியம், நல்லபடியாக முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். புத்தி எங்கே போயிருந்ததோ!

கூட்டத்தன்று காலை பஸ்ஸில் சித்தூருக்குப் போனேன். துணைக்கு என் பக்கத்து நிலத்துக்காரி சென்னம்மா. அவளுக்குக் கட்சியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சித்தூர் பார்க்க வேண்டும், சும்மா வருகிறேன் என்றாள். கூட்டம் ஒரு கல்யாணச் சத்திரத்தில். நாங்கள் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிருஷ்ணப்பாவின் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து காணாமல் போன பிரதிநிதிகள் வரிசையாக இறங்கினார்கள்.

மார்கழி மாசம், குளிர்தான். அதற்காக எல்லாருமேவா தலையில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள்? ஒருத்தர் மஃப்ளர், ஒருத்தர் முண்டாசு, ஒருத்தர் மனைவியின் பழைய புடவைக் கிழிசல். நான் நிற்பது தெரிந்தும் ஒருவர் கண்ணும் என் பக்கம் திரும்பவில்லை.

"இன்னாடி இது, எழவு வூட்டுலேர்ந்தா வராங்க?" என்றாள் சென்னம்மா.

சம்பத் படியில் கால் தடுக்கிக் குனிந்தார். துண்டு நழுவியது. சந்தனம் பூசிய மொட்டைத் தலை வெயிலில் பளபளவென்று தெரிந்தது. அவர் பின்னாலேயே கிருஷ்ணப்பா இறங்கினார். அவர் தலையிலும் ஜரிகை முண்டாசு. காதோரம் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்!

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மீதியைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடமிருந்து பிரதிநிதிகளைப் பிரிப்பதற்காக கிருஷ்ணப்பா கிடைத்தவர்களையெல்லாம் பஸ்ஸில் அள்ளிப்போட்டுத் திருமலைமேல் கொண்டுபோய் அங்கே ஒரு சத்திரத்தில் வைத்திருக்கிறார். பொங்கலும் வடையுமாகப் போட்டுக் கடைசியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். என்னை ஒழிப்பதற்காக சம்பத்தும் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அதுவரை கிருஷ்ணப்பா போட்ட திட்டம் சரிதான். ஆனால் எங்கள் ஜனங்களை அவருக்குத் தெரியவில்லை. மலை ஏறினவன் முடி கொடுக்காமல் இறங்குவானா? ஒவ்வொருத்தன் மனசிலும் ஒரு வேண்டுதல் வருஷக்கணக்காகக் கிடக்கும். இலவசமாக வந்தாயிற்று, பெருமாள் எதிரே இருக்கிறார். முடி எடுக்கிற கல்யாணகட்டாவில் வரிசையாகப் போய்க் குனிந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல கிருஷ்ணப்பாவுக்கு வாய் வருமா? சாமி குற்றமாகிவிடும். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வாடி வூட்டுக்குப் போலாம். அவங்க எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் வந்துகீறாங்க" என்றாள் சென்னம்மா.

"முடிச்சாங்களா? இப்பத்தான் ஆரம்பம்" என்று உள்ளே போனேன்.

கர்னூலிலிருந்து வந்த பார்வையாளர் ஓபுலேசு மேடையில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு. கதர்க் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். பக்கத்தில் சக்ரபாணி. மேடைக்குப் பின்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, அதற்கு அந்தப் பக்கம் இரண்டு குடம் வைத்திருந்தார்கள். ஒன்றில் மஞ்சள் துணி, என்னுடையது. இன்னொன்றில் சிவப்புத் துணி, கிருஷ்ணப்பாவுடையது. ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்கு. திரைக்குப் பின்னால் போய் இஷ்டப்பட்ட குடத்தில் போட வேண்டும்.

ஓபுலேசு தெலுங்கில் பேசினார். இது ரகசிய ஓட்டு, யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது, அதுதான் கட்சியின் கௌரவம் என்றார்.

நான் எழுந்தேன். "ரகசியமா? இன்னாங்க ரகசியம்? முதல்ல எல்லாரும் தலையில கட்டிக்கினு இருக்கறதை அவுக்கட்டும். அப்பால ரகசியத்தைப் பத்திப் பேசலாம்."

ஒரே கூச்சல். "கூச்சோம்மா!" என்று ஓபுலேசு உட்காரச் சொல்லி மேஜையைத் தட்டினார். சம்பத் துள்ளி எழுந்தார்.

"நாலு பேர் எதிர்ல ஆம்பள தலைப்பாகையை அவுக்கச் சொல்றதா? இது அவமானம்! தலைவரே, இந்தம்மாவை வெளிய அனுப்புங்க!"

"ஏழுமலையானுக்குக் குடுத்த தலையைக் காட்டறதுல இன்னா சம்பத்து அவமானம்? திருட்டுத்தனமாவா குடுத்த? பெருமையா காட்டேன்!" என்றேன்.

சம்பத் கப்பென்று உட்கார்ந்துவிட்டார். மறைத்தால் சாமிக்குக் கொடுத்ததற்கு வெட்கப்படுகிறான் என்று ஆகிவிடும். கருப்பன்தான் முதலில் துண்டை அவிழ்த்தார். பிறகு ஒருவர், இன்னொருவர். சந்தன வாசனை கூடமெங்கும் பரவியது. ஒவ்வொரு தலை வெளியே வரும்போதும் வாசல் பக்கத்திலிருந்து சென்னம்மா, "அட, நீயுமா? அட, நீயுமா?" என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரோ ஒரு வம்புக்காரன் பின்னாலிருந்து, "ஏடுகொண்டலவாடா!" என்று கத்தினான். கூடமே பழக்கத்தில், "கோவிந்தா, கோவிந்தா!" என்றது. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் மேடையில் இருந்த ஓபுலேசு தன்னை அறியாமல் குல்லாயைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

அவர் தலையும் மொட்டை. சந்தனம்கூட இன்னும் ஈரம் காயவில்லை.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். மலைக்குப் போகாத என் பக்கத்து ஆட்கள் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சக்ரபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஓபுலேசு குல்லாயை எடுத்து மாட்டிக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் கையிலேயே கசக்கிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கும்போதுதான் பார்த்தேன். தூணோரத்தில் ஒருவர் மட்டும் இன்னும் முண்டாசை அவிழ்க்கவில்லை. கட்டம் போட்ட துண்டு. அந்தத் துண்டு எனக்குத் தெரியும், அதை வாங்கிக் கொடுத்ததே நான்.

"அண்ணா, நீ?"

திருவேங்கடம் அண்ணன் என்னை நேராகப் பார்த்தபடியே துண்டை அவிழ்த்தார். மொட்டை. சென்னம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

யார் யாரோ போகட்டும், இவருமா? ஒரே தட்டில் சோறு துன்னு வளர்ந்தோமே என்று கத்த வேண்டும் போலிருந்தது. அழுதிருப்பேன். ஆனால் கிருஷ்ணப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தேன்.

"மலைக்குப் போனது தப்பில்ல. முடி குடுத்ததும் தப்பில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பஸ்ஸுக்கு யார் குடுத்தாங்க? சாப்பாட்டுக்கு யார் குடுத்தாங்க? தலையை மழிச்ச நாவிதருக்கு யார் குடுத்தாங்க?"

கிருஷ்ணப்பா நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார்.

"நான்தான்மா குடுத்தேன். அன்னிக்கும் குடுத்தேன், இன்னிக்கும் குடுப்பேன். நம்ம ஆளுங்களுக்குச் செய்யறதுக்கு எனக்கு மனசு இருக்குது. நாவிதருக்கு, காணிக்கைக்கு, கற்பூரத்துக்கு, எல்லாம் நம்ம செலவுதான். ஒருத்தரையும் ஒரு தம்பிடி எடுக்க விடல!"

எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! என் வேலையை அவரே செய்து முடித்துவிட்டார்.

"கேட்டுக்கினீங்களா? அவரு காசுல எறக்கின முடி யாரு கணக்குல போய்ச் சேரும்? உங்க வேண்டுதல் கணக்குலயா, அவரு எலக்ஷன் கணக்குலயா?"

கருப்பனின் கை மெல்லத் தன் தலைக்குப் போனது. அவர் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. அதற்கு வேண்டிக்கொண்டு எத்தனை காலமாக முடி வளர்த்தார் என்பது ஊருக்கே தெரியும்.

"ஏங்க கிருஷ்ணப்பா, என் பொண்ணுக்கு வேண்டிக்கினு குடுத்தேன். அது எனக்குத்தானே சேரும்?" என்று கேட்டார்.

"எல்லாம் சேரும்ப்பா, உக்காரு."

"எப்படிச் சேரும்? காசு உன்னுதுன்னு நீயே சொல்றியே!"

"எங்க நைனா சொந்தக் காசுல நடந்தே மலையேறுவாரு" என்று இன்னொருவர் முனகினார். மொட்டைகளுக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. தலை என்னுடையது, பலன் எனக்குத்தான் என்றார் ஒருவர். கூலி கொடுத்தவனுக்குத்தான் பலன் என்றார் இன்னொருவர். அப்படியானால் நான் சும்மா மொட்டையா என்று ஒருவர் அழாத குறையாகக் கேட்டார். எல்லாரும் சக்ரபாணி பக்கம் திரும்பினார்கள். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருமலையில் கைங்கரியம் செய்கிற குடும்பம்.

"சாமி, நீங்க சொல்லுங்க."

"இதுல நான் அபிப்பிராயம் சொல்லப்படாது" என்றார் சக்ரபாணி. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கிருஷ்ணப்பாவைப் பார்த்தார். "ஆனா, தன் வேண்டுதலைத் தானே பண்றதுதான் விசேஷம்னு எங்காத்துல சொல்வா. அவ்வளவுதான். ஓட்டுப் போட ஆரம்பிக்கலாமா?"

கிருஷ்ணப்பா முகம் கறுத்துவிட்டது.

ஒவ்வொருவராகக் கொட்டைப்பாக்கை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்கள். எண்ணிப் பார்த்தால் ஓட்டுப் போட்டவர்களில் மொட்டைகள் பதின்மூன்று, முடி இருந்தவர்கள் எட்டுப் பேர். நான் என் புடவை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அண்ணன் போய்விட்டு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சக்ரபாணி குடங்களை மேஜைமேல் தனித்தனியாகக் கவிழ்த்தார். ஓபுலேசு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு எண்ணுவது தன் வேலையே இல்லை என்பது மாதிரி பாக்குகளை சக்ரபாணி பக்கம் தள்ளிவிட்டார்.

"சிவப்பு பத்து. மஞ்சள் பதினொண்ணு. தாட்சாயணி அம்மாள்தான் நம்ம வேட்பாளர்" என்றார் சக்ரபாணி.

எனக்கு அது காதில் விழ ஒரு நிமிஷம் ஆயிற்று. சென்னம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கிருஷ்ணப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யாருடா அந்த மூணு பேரு? கற்பூரத்துமேல அடிச்சி சத்தியம் பண்ணீங்களேடா! மலையில வெச்சி சத்தியம் பண்ணிட்டு என் காலை வாரிட்டீங்களேடா!"

"நான் இல்ல" என்றார் சம்பத். "நான் இல்ல" என்றார் பக்கத்தில் இருந்தவர். மொட்டைகள் எல்லாம் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டன. கருப்பன் மட்டும் எதுவும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஓபுலேசு எழுந்து, இந்த முடிவைக் கர்னூல் ஒப்புக்கொள்ளாது, நடந்ததெல்லாம் மேலிடத்தில் சொல்லப்போகிறேன் என்று தெலுங்கில் மிரட்டினார்.

"தாராளமா சொல்லுங்க. யார் பஸ்ஸுல மலைக்குப் போனீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க. நானும் கூட வந்து சொல்றேன்" என்றேன். அவர் குல்லாயை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

வாசலில் அடுத்த கூத்து. கிருஷ்ணப்பா யாரையும் பஸ்ஸில் ஏற விடவில்லை. "நடந்து போங்கடா துரோகிங்களா!" என்று கத்திவிட்டுக் காலி பஸ்ஸோடு திருப்பதிக்குப் போய்விட்டார். சம்பத்தும் புழுதியில் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு இல்லை. நான் நேராக அவரிடம் போனேன். சென்னம்மா, "வேணாம், அப்பால பேசிக்கலாம்" என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

"அந்த மூணு பேருல நீ ஒருத்தன்தானே அண்ணா?"

"இல்ல."

"இல்லியா?"

"நான் கிருஷ்ணப்பாவுக்குத்தான் போட்டேன், தாட்சா. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

பொங்கி வந்தது எனக்கு. "ஒரு பொங்கலுக்கும் வடைக்குமா உன் தங்கச்சியை வித்த?"

"வாயை அடக்கு! அவன் பஸ்ஸுல நான் போகல. சொந்தக் காசுல டிக்கெட் வாங்கிக்கினு போனேன். என் காசுலதான் முடி எறக்கினேன். அவன் சோத்துல ஒரு பருக்கை நான் துன்னல. அவன் பஸ்ஸுல நான் ஏறினதே இன்னிக்குக் காலைலதான், அதுக்கும் காசு குடுத்தேன்." அண்ணன் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். "திருச்சானூர்ல பையனுக்குப் பாத்த எடமும் போச்சு. திருத்தணிப் பக்கம் போனா துரோகி வூடுங்கறான். காளாஸ்திப் பக்கம் போனா மெட்ராஸ் ஆளுங்கறான். உன்னால என் பையனுக்கு ஒருத்தனும் பொண்ணு தர மாட்டேங்கறான். நீ நிக்கறது எனக்குப் புடிக்கல. அதான் போடல."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ கேட்டியா?"

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் விலகிக்கொண்டார்.

"கருப்பன் வூட்டுக்கு அத்தினி வாட்டி போன. உன்னைத் திட்டற சம்பத்து வூட்டு வாசல்லகூடப் போய் நின்ன. அடுத்த தெருவுல கீற என் வூட்டுக்கு வந்தியா? அண்ணா, நான் நிக்கலாமா, எனக்குப் போடுவியான்னு ஒரு வார்த்தை கேட்டியா? உங்கண்ணன் ஓட்டு உன் மடியில கீதுன்னு நீயே முடிஞ்சி வெச்சிக்கின. மெட்ராஸ்காரனும் கர்னூல்காரனும் எங்களைக் கேக்கலன்னு ஊரெல்லாம் கத்தறியே, நீ என்னைக் கேட்டியா தாட்சா?"

அன்றைக்குக் கிருஷ்ணப்பா, சம்பத், கர்னூல் பெரிய மனுஷர் என்று எல்லாருக்கும் பதில் சொன்னேன். என் அண்ணனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நெருப்பு மாதிரி சுட்டது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைகளும் ஒவ்வொன்றாக வந்து சுற்றி நின்றன. இதற்குமேல் இவள் எங்கே நிற்பாள் என்று சம்பத் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

நான் ஏன் நிற்காமல் போக வேண்டும்? கேட்காதது தப்பு. தப்பு என்றால் இப்போது கேட்டுவிட்டால் போகிறது.

இரண்டு கையையும் கூப்பினேன். கருப்பனிடம் எப்படிக் கேட்டேனோ அப்படியே, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன்.

"நம்ம தொகுதி ஓட்டர் திருவேங்கடம் அவர்களே, நான் சட்டசபைக்கு நிக்கறேன். உங்க வூட்டுக்கு நஷ்டம் வந்துகீது, தெரியும். இன்னும் வரும். அப்படியும் நிக்கப் போறேன். உங்க ஓட்டை எனக்குப் போடுவீங்களா?"

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவரை 'நீங்க' என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. சிரிப்பாரோ அடிப்பாரோ என்று எனக்குத் தெரியவில்லை.

"யோசிச்சி சொல்றேன்" என்றார்.

"யோசிங்க. நீங்க போடலன்னாலும் நிப்பேன்."

"அது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவர் நகரி பஸ்ஸில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறி, அவர் சீட்டிலேயே பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஊர் வந்து சேரும்வரை அவரிடம் ஓட்டுக் கேட்டுக்கொண்டே வந்தேன்.